தியாகதுருகத்துக் கடைவீதியும் பத்துப் பேர் கூட்டமும்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலை முன்னாளில் தியாகதுருகம் கடைவீதி வழியே சென்றது. வழிப்போக்கர் இறங்கிக் காப்பி அருந்துவார், பழம் வாங்குவார், வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொள்வார். இன்று அச்சாலை ஊரைத் தொடாமல் புறவழியாகப் போகிறது. வண்டியிலிருப்பவர் துருகத்துக் குன்றைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஊரைக் கடந்துவிடுகிறார். சாலை விரிந்தது தேசத்துக்கு நன்மையே; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், வழிப்போக்கரின் வியாபாரம் போன பிறகு கடைவீதி என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து யோசிப்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டா? அவரவர் தத்தம் கல்லாப்பெட்டியின் முன் தனியே இருந்து யோசித்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற நிலைமையே நம் சிற்றூர்களில் பெரும்பாலும் காணப்படுகிறது. இந்தத் தனிமையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

சங்கங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. வரி உயர்ந்தால் கடையடைப்பு நடத்தவும், கலெக்டரிடம் மகஜர் கொடுக்கவும், மே மாதம் 5-ஆம் தேதி வணிகர் தினத்தன்று மாநாடு கூட்டவும் வியாபாரிகள் சங்கங்கள் பயன்படுகின்றன. 2017-ல் ஜி.எஸ்.டி. வரி வந்தபோது சிறு கடைக்காரர்களுடைய கஷ்டத்தை எடுத்துரைக்க அவை முன்வந்தன. அதற்காக அவற்றைப் பாராட்டுகிறோம். ஆயினும், சங்கமென்பது வெளியிலிருந்து வரும் இடையூறுகளோடு போராட ஏற்பட்ட கருவி. கடைக்குள்ளே இருக்கும் இடையூறு அதன் காதில் விழுவதில்லை. ‘போன மாதம் கடனாகக் கொடுத்த சரக்குக்கு எவ்வளவு வசூலாயிற்று? வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எவ்வளவு எடுத்தீர்?’ என்று எந்தத் தலைவர் எந்த அங்கத்தினரைக் கேட்பார்? கேட்டால் அடுத்த தேர்தலில் அவர் தலைவராக வர முடியுமா?

கேட்க ஆளில்லாத இடத்தில்தான் கடன் நுழைகிறது. ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் தண்டலுக்குப் பணம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் எழுதுவது 10,000 ரூபாய். முன்னதாகவே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருகிறார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாளில் கட்டித் தீர்க்க வேண்டும். நாளொன்றுக்கு நூறு ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வருஷத்துக்கு நூற்றுக்கு 120-க்கு மேல் வட்டியாகிறது! கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்தது. சட்டம் இருக்கிறது, தண்டல் நோட்டும் மாலைதோறும் கடை வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கு கடைக்காரருக்குத் தெரியாததன்று. மிளகாய் விலையையும் புளி விலையையும் விரல் நுனியில் வைத்திருப்பவருக்கு வட்டி தெரியாமலிருக்குமா? தெரிந்தே வாங்குகிறார், வாங்கியதை வீட்டிலும் சொல்வதில்லை. சொல்லாத காரணத்தினாலேயே முதல் தண்டலைத் தீர்க்க இரண்டாவது தண்டல் வாங்கும்படி நேருகிறது. வியாபாரியானவன் எப்பொழுதும் செழிப்பாகக் காணப்பட வேண்டும் என்ற அபிமானம் அவருடைய வாயைக் கட்டிவிடுகிறது. 2015 முதல் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’க் கடன் என்று பாங்கிகள் கொடுத்துவருகின்றன. கடன் கொடுப்பார் பலர் உளர். ‘அந்தப் பணம் என்ன ஆயிற்று?’ என்று தோழமையோடு கேட்பார்தாம் இல்லை.

நிற்க. இப்படிக் கேட்கும் வழக்கம் நமக்குப் புதியதென்று யாரும் எண்ண வேண்டாம். நம் வீட்டுப் பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1989-ல் தர்மபுரி ஜில்லாவில், ரோமாபுரியிலுள்ள சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியின் உதவியோடு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. 1991-92-ல் அவை சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் பரவின. தியாகதுருகம் அக்காலத்தில் தென்னாற்காட்டைச் சேர்ந்தது. 1993-ல் விழுப்புரம் ஜில்லாவோடு சென்றது. 2019-ல்தான் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. ஆகவே இது அயலூர்க் கதையன்று. 12 முதல் 20 பேர் வரை ஒரு குழு. குறித்த நாளில் தரையில் வட்டமாக உட்கார்ந்து, சேமிப்பை எல்லோர் முன்னிலையிலும் எண்ணி வைத்து, யாருக்குக் கடன், எதற்காக, எப்பொழுது திருப்புவாள் என்பதை வாய்விட்டுச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். ஈடு காட்டக் காணி நிலமில்லாத அப்பெண்களுக்கு அந்தப் புத்தகமே ஈடாயிற்று. 1992-ல் நபார்டு பாங்கி இத்தகைய குழுக்களைப் பாங்கிகளோடு இணைக்கும் பரீட்சையை 500 குழுக்கள் என்ற அளவில் தொடங்கியது. அது பின்னர் தேசமெங்கும் பரவிற்று. ஆடு வாங்கப் போவதாகச் சொல்லிப் பணம் பெற்றவள் வேறு செலவு செய்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி, ‘ஆடு எங்கே அக்கா?’ என்று கேட்டுவிடுவாள். அந்த ஒரு கேள்விக்குள்ள சக்தி எந்தப் பாங்கி மானேஜருடைய நோட்டீசுக்கும் கிடையாது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு சில இடங்களில் தேய்ந்துவருவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டம் என்பது வசூல் என்று மாறிவிடுகிறது. சிறு கடன் கம்பெனிகளின் ஏஜெண்டுகள் தாங்களே குழுக்களைச் சேர்க்கிறார்கள். தவணை நாளன்று பத்து நிமிஷத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆட்டைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. தவணையைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். இந்த வசூலில் நடக்கும் பலவந்தத்தைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பத்துப் பேர் கூட்டத்தைப் பற்றி நாம் சொல்லப்போகும் யோசனையில் ஒரு நிபந்தனையை இங்கிருந்தே எடுத்துக்கொள்கிறோம்: முதல் வருஷம் அக்கூட்டத்தில் பணம் புரளவே கூடாது. சீட்டும் வேண்டாம், கைமாற்றும் வேண்டாம். பெண்கள் சேமிப்பிலிருந்து தொடங்கினார்கள். அவர்களிடம் வேறு முதல் இல்லை. கடைக்காரரிடமோ பணம் தினமும் வந்து போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு வேண்டியது பேச்சு.

‘பெண்களுக்குச் சரி, ஆண்பிள்ளைகள் கூடி உட்கார்ந்து குறை சொல்லிக்கொள்வதா?’ என்று மீசையை முறுக்கும் அன்பர்களுக்கு ஆமதாபாத்தின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். 1918-ல் காந்தியடிகள் தலைமை வகித்த மில் வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாக 1920-ல் அங்கே மஜூர் மகாஜன் என்ற தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து ஸ்ரீமதி இலா பட் 1972-ல் ‘சேவா’ ஸ்தாபனத்தை உண்டாக்கினார். கூடையில் காய்கறி விற்பவரும் வீட்டிலிருந்து தைப்பவருமான பெண்கள் 1974-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவு பாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாங்கியின் வாடிக்கைக்காரிகளில் சிலரைப் பொறுக்கி, இரண்டு நாள் வியாபாரப் பயிற்சி அளித்து, பலன் என்னவென்று பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியார் தனியே வந்தார்கள். மற்றொரு பகுதியார் ஆளுக்கொரு தோழியை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பாடம் ஒன்றே. ஆனால் தோழியோடு வந்தவர்களுடைய தொழில்தான் வளர்ந்தது. குடும்ப வருமானமும் கூடியது. தனியே வந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றும் ஏற்படவில்லை. இம்முடிவுகள் 2016-ல் வெளியாயின. பயிற்சி முகாம்கள் நடத்தி, சான்றிதழும் சாப்பாடும் கொடுத்து அனுப்பிவிடுகிற நமது அதிகாரிகள் இதைப் படித்துப் பார்ப்பது நலம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ‘என் கணக்கை எதிர்க்கடைக்காரனிடம் திறந்து காட்டினால் நாளைக்கே என் வாடிக்கையைக் கொண்டுபோய்விடுவானே!’ நியாயமான பயந்தான். சீன தேசத்தில் நான்சாங் நகரில் 2,820 சிறு ஸ்தாபனங்களைக் கொண்டு ஒரு பரீட்சை நடந்தது. ஒரு பகுதியாரைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒரு வருஷம் மாதந்தோறும் சந்திக்கச் செய்தார்கள், மற்றவர்களை விட்டுவிட்டார்கள். கூடியவர்களுடைய வியாபாரம் கூடாதவர்களுடையதைவிட நூற்றுக்கு 8.1 அதிகமாயிற்று; கூட்டங்கள் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பலன் நீடித்தது. 2018-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில் கண்ட மற்றொரு விஷயமே நமக்கு முக்கியம். தொழிலில் போட்டியில்லாதவர்கள் ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தபோது செய்திகளை ஒளிக்காமல் சொன்னார்கள். போட்டிக்காரர்களானால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆகவே ஒரு கூட்டத்துக்கு ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மளிகைக்கு ஒருவர், தையலுக்கு ஒருவர், இரும்புக் கடை, மருந்துக் கடை, டீக்கடை, கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயும் தேனும் வாங்கி விற்பவர், 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் செய்பவர் என்று இப்படிப் பத்துப் பேர். அங்கே பேசியதை வெளியே பேசினவர் மறுமாதம் வரக்கூடாது.

ஜாதிக்கொரு கூட்டம் என்று ஆகிவிடலாகாது என்பதையும் வற்புறுத்துகிறோம். விருதுநகர் நாடார் வியாபாரிகள் உறவின்முறை வைத்து, வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி, வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்களுடைய க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் படித்தார். தம்மைத் தாழ்த்திய சமூகத்தின் நடுவே அவர்கள் ஒன்றுபட்டு எழுந்தது போற்றத்தக்கது. ஆனால் அக்கட்டுப்பாடு உறவின்மேல் நின்றது. இன்றைய கடைவீதியில் எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் பக்கத்துப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அண்டைக் கடைதான் உறவு.

கூடி என்ன பேசுவது? நம்மவரிடம் லட்சியத்துக்குப் பஞ்சமில்லை, குறிக்குத்தான் பஞ்சம். ‘அடுத்த வருஷம் வியாபாரத்தை இரட்டிப்பாக்குவேன்’ என்பது குறியன்று. அது மழையைப் பொறுத்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் கரும்புப் பணம் பட்டுவாடா செய்யும் நாளைப் பொறுத்தது. தன் கையிலுள்ளதும், ஒரு மாதத்தில் முடியக்கூடியதும், ஆயிற்றா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லத்தக்கதுமே குறி. பழைய பாக்கிதாரர்களில் ஐந்து பேரை நேரில் கண்டு கேட்பேன். முப்பது நாளும் சிட்டை எழுதுவேன். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று சம்பளம்போல் எடுத்துக்கொள்வேன், அதற்குமேல் கல்லாவைத் தொடமாட்டேன். இருக்கிற தண்டல் தீரும்வரை வேறு தண்டல் வாங்கமாட்டேன் என்பன போன்றவை. பத்துப் பேர் முன்னிலையில் சொல்வது. மறுமாதம் அதே பத்துப் பேருக்குப் பதில் சொல்வது. தவறினவரைத் திட்டவும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். ஏன் தவறிற்று என்று கேட்டால் போதும். சிட்டை எழுதாதவருக்குக் கண் மங்கியிருக்கலாம். கண்ணாடி போட வேண்டியிருக்கும். பாக்கி கேட்கப் போகாதவருக்கு அந்தப் பாக்கிதாரர் சம்பந்தியாயிருக்கலாம்! இவையெல்லாம் பாங்கியின் விண்ணப்பத் தாளில் இடம் பெறாத காரணங்கள்.

அமெரிக்க தேசத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1727-ல், இருபத்தொரு வயது அச்சுத் தொழிலாளியாயிருந்தபோது, பிலடெல்பியாவில் கைத்தொழிலாளரும் வியாபாரிகளுமான சில நண்பர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடத்தினார். ஊரில் யாருடைய வியாபாரம் நொடித்தது, காரணம் என்ன, யார் செழித்தார், எவ்வாறு செழித்தார், புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞன் எவனுக்காவது கூட்டம் உதவ முடியுமா என்பன போன்ற 24 கேள்விகளை அங்கே வரிசையாகக் கேட்பது வழக்கம். ஒரு கேள்விக்கும் மறு கேள்விக்கும் நடுவே ஒரு கிண்ணம் திராட்சை மது அருந்த இடைவெளி விட்டார்களாம். நமக்கு அந்த இடைவெளி வேண்டாம். சுக்குக் காப்பி போதும். 1731-ல் அந்த நண்பர்கள் ஏற்படுத்திய நூல் நிலையம் இன்றும் நடக்கிறது.

சர்க்கார் வந்து கூட்டிவைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2025 ஏப்ரல் முதல் சர்க்கார் வகுத்துள்ள வரையறையின்படி வருஷம் 10 கோடி ரூபாய் வரை வியாபாரம் செய்யும் ஆலையும் ‘குறு’ ஸ்தாபனமே. அந்தக் கண்ணாடியில் பார்ப்பவருக்கு நமது டீக்கடைக்காரர் எங்கே தென்படப் போகிறார்?

தேர்தல் காலத்தில் கடை கடையாக ஏறி இறங்கும் நமது அரசியல் ஊழியர்களையே இவ்விஷயத்தில் நம்புகிறோம். எந்தக் கட்சியாராயினும் சரி. கடைவீதியில் யாருக்கு யாரிடம் நம்பிக்கை என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது. பத்துப் பேரைப் பொறுக்கி உட்கார வைத்துவிட்டு அவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். அங்கே கொடியும் வேண்டாம், தலைவரும் வேண்டாம், மாலை மரியாதையும் வேண்டாம். தைப் பொங்கல் வியாபாரம் ஓய்ந்த வாரத்தில் தியாகதுருகத்திலேயே தொடங்கலாம். இரவு கடை கட்டிய பிறகு ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரம், ஒரு ஜமக்காளம், ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். முதல் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் தண்டல் நோட்டைக் கையில் எடுத்துவரும்படி சொல்லி அனுப்ப வேண்டும்.