நடந்துவிட்டு வந்தால் சுகர் ஏறுகிறதே, ஏன்?

காலை ஆறரை மணி. பார்க்கிலிருந்து அப்பாவும் மகளும் வீடு திரும்புகிறார்கள். அப்பாவுக்கு 57 வயது, சுகர் வந்து ஒன்பது வருடம். மகளுக்கு 26, சுகர் கிடையாது. வழக்கமாக நிதானமாக நடக்கிற அப்பா, அன்றைக்கு மகளோடு போட்டி போட்டுக்கொண்டு நாலு ரவுண்டு ஓடியே விட்டார். கிளம்பும்போது வெறும் வயிற்றில் 142 இருந்தது. திரும்பி வந்து விரலில் குத்திப் பார்த்தால் 178!

"என்னம்மா இது, மெஷின் கெட்டுப்போச்சா? ஓடினா குறையணும்தானே?"

"இருங்கப்பா, எனக்கும் பார்க்கலாம்" என்று மகளும் குத்திக்கொண்டாள். போகும்போது 88 இருந்தது 106 ஆகியிருந்தது.

"உனக்கும் ஏறியிருக்கே!"

முக்கால் மணி நேரம் கழித்து, யாரும் எதுவும் சாப்பிடும் முன்பு மறுபடி பார்த்தார்கள். மகளுக்கு 90. அப்பாவுக்கு 171. "இதுக்கு நான் படுத்தே கிடந்திருக்கலாம்" என்று அப்பா ஷூவைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டார்.

மெஷினில் தப்பு இல்லை. குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் குழப்பம் உண்டு. இதைப் பார்த்துப் பயந்து உடற்பயிற்சியை நிறுத்தியவர்களும் உண்டு, பாவம்.

கல்லீரல் திறக்கும் குழாய்

சுகர் இல்லாத ஒருவரின் ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் சுற்றுகிற குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்க ஆரம்பித்ததும் தசைகள் அதை எடுக்கத் தொடங்குகின்றன. எடுக்க எடுக்க யாராவது நிரப்ப வேண்டுமே? அந்த வேலை கல்லீரலுக்கு. கிளைகோஜன் என்ற பெயரில் சுமார் 100 கிராம் வரை அது சேமித்து வைத்திருக்கும். உடல் அசையத் தொடங்கியதுமே கணையம் இன்சுலினைக் குறைத்து, குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்டும். உடனே கல்லீரல் குழாயைத் திறக்கும். தசை எடுப்பதும் கல்லீரல் கொடுப்பதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருக்கும். அதனால்தான் சுகர் இல்லாதவர் ஒரு மணி நேரம் நடந்தாலும் ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

மூச்சு வாங்க ஓடும்போதும், கனமான எடையைத் தூக்கும்போதும் கணக்கு மாறும். அட்ரினலின் பாய்கிறது. 'ஏதோ ஆபத்து, துரத்துகிறார்கள் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொள்ளும் கல்லீரல், தேவைக்கு மேல் குழாயைத் திறந்துவிடுகிறது. மகளுக்கு 106 ஆனது இதனால்தான். ஓட்டம் நின்றதும் அவளுடைய கணையம் இன்சுலினைச் சுரந்து மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டது. அப்பாவுக்கு அந்த இன்சுலின் போதுமான அளவு இல்லை, இருப்பதும் சரியாக வேலை செய்வதில்லை. ஏறியது இறங்க இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். போதாததற்கு, விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் தாமாகவே சர்க்கரையை ஏற்றும். அவர் ஓடியதும் அந்த நேரத்தில்தான்.

இந்த ஏற்றம் தற்காலிகமானது. ஓட்டத்தின் பலன் அதற்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும்.

கொல்லைப்புறக் கதவு

தசைக்குள் சர்க்கரை நுழைய வாசல் கதவின் சாவி இன்சுலின். டைப் 2 சர்க்கரை நோயில் பூட்டு துருப்பிடித்த மாதிரி, சாவி சுலபமாகத் திருகாது. ஆனால், தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொல்லைப்புறக் கதவு போல. சுகர் உள்ளவர்களுக்கும் இந்தக் கதவு நன்றாகவே திறக்கும் என்பதுதான் நல்ல செய்தி. அதோடு, ஒருமுறை நன்றாக நடந்தால் அடுத்த ஒன்று இரண்டு நாள்களுக்கு வாசல் கதவுப் பூட்டும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சிக்கு லீவு விடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பவரைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பவருக்குத்தான் சுகர் சீராக இருக்கும்.

தசைதான் சர்க்கரையின் பெரிய கிடங்கு. நம் நாட்டவருக்குப் பொதுவாகவே தசை குறைவு, தொப்பை அதிகம். அதனால் நடையோடு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தாலே தொடை சொல்லிவிடும்.

சரி, எப்போது நடக்கலாம்? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 நோயாளிகள் 41 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கொஞ்ச நாள் தினமும் ஒரே தடவையாக 30 நிமிடம், கொஞ்ச நாள் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம். மொத்தத்தில் நடந்த நேரம் ஒன்றுதான். ஆனால், சாப்பிட்ட பின் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவிகிதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பிறகு 22 சதவிகிதம். 2016-ல் வெளியான ஆய்வு இது. இரவு மூணு தோசை சாப்பிட்டுவிட்டு அப்படியே சீரியல் பார்க்க உட்காரும் வீடுகளுக்கு இதைவிட மலிவான வைத்தியம் இருக்குமா என்று தெரியவில்லை.

அத்தைக்கு வேர்த்துக் கொட்டியது

ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு, இறங்குவதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. உண்மையான ஆபத்து அங்கேதான்.

அதே குடும்பத்தில் அத்தைக்கும் சுகர் உண்டு. பிரதோஷ விரதம் இருந்த நாளில், கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் கோயிலுக்கு நடந்தே போனார். இரண்டாவது பிராகாரம் சுற்றும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பையிலிருந்த சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்ததால் தப்பித்தார்.

இன்சுலினும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும், வயிறு காலியா, நடக்கிறோமா என்றெல்லாம் பார்க்காமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். தசையும் சேர்ந்து இழுத்தால் 70-க்குக் கீழே போய்விடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. நீங்கள் சாப்பிடும் மாத்திரை எந்த ரகம் என்று தெரியாவிட்டால் அடுத்த முறை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இந்த மருந்துகளில் இருப்பவர்கள், நடக்கும் முன் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டைப் 1 உள்ளவர்களுக்கு மாலையில் விளையாடியதன் பலனாக நடுராத்திரியில்கூடச் சர்க்கரை இறங்கலாம். அவர்களுக்கே 250-க்கு மேல் இருந்து, கீட்டோனும் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்.

இன்னொன்று, பார்க்குகளில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை. வெறுங்காலில் நடந்தால் சுகர் குறையும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எட்டு போட்டாலும் நேராகப் போனாலும் தசைக்கு நடை நடைதான். ஆனால், பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்குக் கல் குத்திப் புண்ணானது தெரியவே தெரியாது. அவர்கள் ஷூவைக் கழற்றவே கூடாது. விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் மூச்சுப்பிடித்து எடை தூக்கக் கூடாது.

அப்பா மறுநாள் ஓடவில்லை. இரவு சாப்பிட்டபின் தெருமுனை வரை இரண்டு நடை போய் வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து 158. முந்தின நாள் அதே நேரத்துக்கு 196. சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மாவையும் மகள் விடவில்லை.

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லடி."

"இல்லன்னா நல்லதுதானேம்மா. காலையில வெறும் வயித்துல ஒரு தடவை பார்ப்போம்."

காலையில் பார்த்தார்கள். 117.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உறுதிசெய்ய வேண்டும். இந்த எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைச் சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆலோசனை எதுவும் பெறாதவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லித்தரப்பட்டவர்களில் 39 சதவிகிதம் பேருக்கு வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அன்று இரவு தெருமுனைக்கு மூன்று பேராகப் போனார்கள்.