ஆலைச் சங்கும் சிந்தசைசரும்



ராத்திரி ஷிப்டு முடிந்து சிப்காட்டிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் என்ன பாட்டு ஓடும் என்று எந்த ஓசூர்க்காரரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வரும்: எண்பதுகளின் இளையராஜா. டிரைவர் வீட்டில் தமிழ் பேசுகிறவரா, தெலுங்கா, கன்னடமா என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பாட்டுகளைப் பற்றித்தான் இந்த மாதம் பேச நினைக்கிறேன். ஆனால் கொஞ்சம் சுற்று வழி, ஷெஃபீல்டு மார்க்கமாக.

ஷெஃபீல்டு இங்கிலாந்தின் எஃகு நகரம். 1970களின் கடைசியில் அங்கே ஆலைகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. கம்ப்யூட்டர் ஆபரேட்டர்களாக இருந்த மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் என்ற இரண்டு இளைஞர்கள், கிட்டாரே வேண்டாம், சிந்தசைசர் போதும் என்று ‘ஹ்யூமன் லீக்’ குழுவைக் கட்டினார்கள். பாட வந்த ஃபிலிப் ஓக்கி, ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தவர். உலகத்துக்குத் தெரிந்தது 1981இல் வந்த அவர்களின் ‘டேர்’ ஆல்பம். அதற்குள் வேரும் மார்ஷும் பிரிந்து போய்விட்டார்கள். அவர்கள் இருந்தபோது செய்த ‘ரீப்ரொடக்‌ஷன்’ (1979), ‘டிராவலாக்’ (1980) இரண்டையும் இன்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் ‘டிராவலாக்’தான் ஒரு படி மேலே. மெருகு குறைவுதான், ஆனால் பிரஸ் ஷாப்புக்கு நடுவே நிற்பதுபோல் உடம்பெல்லாம் அதிரும். அதே ஊரின் ‘காம்சாட் ஏஞ்சல்ஸ்’ 1980இல் போட்ட ‘வெயிட்டிங் ஃபார் எ மிராக்கிள்’, அதே ஆண்டு கார்டிஃபிலிருந்து ‘யங் மார்பிள் ஜயண்ட்ஸ்’ தந்த ஒரே ஆல்பமான ‘கொலாசல் யூத்’ இரண்டையும் தேடிப் பிடியுங்கள். பின்னதில் டிரம்ஸ்காரரே கிடையாது. தாளத்தை மெஷினில் கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டு, அதன் மேல் அடங்கிய குரலில் பாடியிருப்பார்கள்.

அதே 1980இல்தான் ஓசூரில் டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. அசோக் லேலண்ட் இங்கே ஆலை தொடங்கியதும் அந்த ஆண்டுதான். அவர்கள் ஊரில் ஆலை மூடும் காலம், நம் ஊரில் திறக்கும் காலம். சிந்தசைசர் இரண்டு பக்கமும் ஒரே ஜாதிதான். அங்கே அது தனிமையைப் பாடியது. இந்தியாவில் அது ஆட வந்தது.

அப்படி ஆட வந்தவர்களில் ஒருவர் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்துவந்தவர். ரோலண்ட் கம்பெனி அப்போது டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டி விட்டிருந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்கு பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்கச் செய்தது; யாரும் சீந்தவில்லை. அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போக ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி உண்டு. சிங் அதை வைத்து பேஸை ஓடவிட்டு, டிஆர்-808 டிரம் மெஷினில் தாளம் போட்டு, மேலே ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரில் கையால் ராகம் வாசித்தார். ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ 1982இல் எச்.எம்.வி. வெளியீடாக வந்தது, விற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து சிகாகோவில் அதே பெட்டியிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை பிறந்தது. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் இவர் எவ்வளவு முன்னால் போயிருக்கிறார் என்று ஊர் உலகம் வாயைப் பிளந்தது. மால்கௌன்ஸில் ஆரம்பியுங்கள், நம் ஹிந்தோளம்தான், காது உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு பூபாலி, நம் மோகனம். பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் அலுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைவிட நீண்ட காலம் இருட்டில் கிடந்ததும் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) 1969இலேயே ஒரு மூக் சிந்தசைசர் இருந்தது. அங்கே பதிந்த நாடாக்கள் ஆல்பமானது 2023இல்.

சரி, நம் பஸ்ஸுக்கு வருவோம். இளையராஜாவின் மின்னிசை இருட்டில் ஒன்றும் கிடக்கவில்லை. எல்லார் காதிலும் விழுந்த இசை. ஆனாலும் கேட்கப்படாதது. நமக்குப் பாட்டு என்றால் எஸ்.பி.பி. குரல், ஜானகி குரல், வாலியின் வரி, கமலின் ஆட்டம். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இளையராஜா குழுவின் விஜி மேனுவல் கீபோர்டில் என்ன செய்தார் என்று யார் கேட்டோம்? 1986இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ என்று இரண்டு படம். இரண்டாவதன் தீம் மியூசிக்கில் குரலே இல்லை என்பதால் தப்பித்தது. சீக்வென்சர் ஓட்டம் அத்தனையும் துல்லியமாகக் கேட்கும். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் திலீப் என்று ஒரு பையன் உண்டு. இன்று ஏ.ஆர்.ரஹ்மான்.

எல்லையில் இருக்கும் நமக்கு இன்னொரு சலுகை, கன்னடத்து இளையராஜாவும் நம்மவரே. சங்கர் நாகின் ‘கீதா’ (1981) படத்து டூயட் ஒன்றின் மெட்டு 1984இல் ‘நூறாவது நாள்’ படத்தில் தமிழ் பேசியது. எது உசத்தி என்ற வாக்குவாதத்துக்கு அத்திப்பள்ளி சோதனைச்சாவடியே சரியான இடம்.

இளையராஜாவின் பாட்டுகளை எலக்ட்ரானிக் பாப் என்று தனியே பொறுக்கி, 1977 முதல் 1983 வரையிலானதைத் தொகுத்து, ‘சொல்ல சொல்ல’ என்று ஆல்பமாகப் போட்டது ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம். அதை நடத்துபவர்களில் ஒருவரான ஆண்டி வோட்டல் மான்செஸ்டர்க்காரர். ‘ஜாய் டிவிஷன்’ இசைக்குழு பிறந்த ஆலை நகரத்திலிருந்து வந்து நம் பரணை ஒட்டடை அடித்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான், கொஞ்சம் கூச்சமும்தான்.

அந்த வேலையை நாமே கொஞ்சம் செய்யலாமே. ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60, 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உள் அட்டையில் கையெழுத்தில் இருக்கும் அந்தப் பாட்டு வரிசையை போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறோம். கேசட் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்