தீத்தொண்டின் கணக்கு கிராம சபைக்கு வரட்டும்

சித்திரை முதல் நாள் காலையில் நம் வீடுகளில் மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வறுபடும் நேரத்தில், தீயணைப்பு நிலையங்களில் வீரர்கள் சீருடையில் வரிசையாக நிற்கிறார்கள். பணியில் உயிர்நீத்தவர்களுக்கு மலர்வளையம் வைத்து, மௌனமாக அஞ்சலி செலுத்துகிறார்கள். அன்று, ஏப்ரல் 14இல், தொடங்கி 20 வரை தீத்தொண்டு வாரம். பள்ளிகளிலும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் செயல்விளக்கம் நடக்கும். பற்றியெரியும் சிலிண்டரின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி வீரர் தீயை அடக்கிக் காட்டுவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். துண்டுப் பிரசுரம் வினியோகிப்பார்கள். எட்டாம் நாள் எல்லாம் ஓய்ந்துவிடும்.

இந்த வாரம் அவசியமானது. ஆனால் மீதி ஐம்பத்தோரு வாரங்களில் அந்த நிலையம் நமக்கு என்ன செய்தது, எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது, எங்கே வர முடியாமல் திணறியது என்பதை யாரும் ஊருக்குச் சொல்வதில்லை. ஊரும் கேட்பதில்லை. தீத்தொண்டு வாரம் முடிந்த பதினோராம் நாள் மே 1. தமிழகம் முழுவதும் கிராம சபை கூடும் நாள். ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்தின் ஓராண்டுக் கணக்கும் அதன் எல்லைக்குட்பட்ட கிராம சபைகளில் அன்று வாசிக்கப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. திருவள்ளூர் மாவட்டத்தில் சோழவரம் ஒன்றியத்திலிருந்து இதைத் தொடங்கலாம்.

ஏன் சோழவரம்? ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பெயரைச் சொன்னால் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியும், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயமும்தான் நினைவுக்கு வரும். இன்று செங்குன்றத்தைத் தாண்டி ஜிஎன்டி சாலையில் வடக்கே போகிறவர் கண்ணில் படுவது குடோன்கள். நெல் விளைந்த நிலத்தில் தகரக் கூரைகள். கிழக்கே மணலியும் எண்ணூரும். வடக்கே கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்கள். இவற்றுக்கு வந்து போகும் டேங்கர்களும் கன்டெய்னர் லாரிகளும் பெரும்பாலும் இதே சாலையில்தான் ஓடுகின்றன. குடோன் சுவரை ஒட்டியே வீடுகள், அங்கன்வாடி, டீக்கடை.

இந்த வட்டாரம் அடுத்தடுத்துச் சந்தித்த சோதனைகளை நினைத்துப் பார்ப்போம். 2014 ஜூலை 6ஆம் தேதி, செங்குன்றம் அருகே உப்பரபாளையத்தில் ஒரு குடோனின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அதன் ஓரம் குடிசை போட்டிருந்த கட்டடத் தொழிலாளர்கள் 11 பேர் மாண்டார்கள். ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். மௌலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு – தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் நின்றிருந்த சரக்கு ரயில்மேல் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, பார்சல் பெட்டி தீப்பிடித்தது. பலர் காயமடைந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. 2025 ஜூலை 13 ஞாயிறு அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம்புரண்டு எரிந்தது. 52 வேகன்களில் 18 தீக்கிரையாயின. வானம் முழுக்கக் கரும்புகை. சுற்றியிருந்த குடியிருப்புகளில் வசித்தவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அங்கும் உயிர்ச்சேதம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை எவ்வளவு கடினமானது என்பதை ஊர் அறிய வேண்டும். டீசல் தண்ணீரைவிட லேசானது. எரியும் டீசல்மேல் தண்ணீரை மட்டும் அடித்தால், அது தண்ணீரின் மேலேயே மிதந்து எரிந்தபடி பரவும். நுரையைப் போர்வைபோல் மூடிக் காற்றை அறுக்க வேண்டும். அதே நேரத்தில், இன்னும் பற்றாத வேகன்களைத் தண்ணீரால் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை முகம் பொசுக்கும் வெப்பத்தில் மணிக்கணக்காகச் செய்ய வேண்டும். தீ அணைந்ததும் கூட்டம் கலைந்துவிடும், செய்தியும் முடிந்துவிடும். வீரர்களின் வேலை முடிவதில்லை. கரியும் சேறும் ஏறிக் கனத்துப்போன குழாய்களை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி நீரை வடித்து, கழுவி, காயவைத்து, சுருட்டி, வண்டியில் மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்த பிறகுதான் அந்த அழைப்பு முடிந்ததாகப் பொருள். அதற்குள் அடுத்த மணி அடித்துவிடுவதும் உண்டு.

அடுத்த மணி தீக்காகத்தான் அடிக்கும் என்பதும் இல்லை. துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. தமிழகத்தில் தீ அழைப்புகளைவிட மீட்பு அழைப்புகளே பல மடங்கு அதிகம். கிணற்றில் விழுந்த பசுவின் வயிற்றில் கயிற்றுப் பட்டை கட்டி மேலே ஏற்றுவது, மழைக்கு வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்துக் காட்டில் விடுவது, பள்ளி மரத்தில் கட்டிய கதண்டுக் கூட்டை அழிப்பது, லாரிக்கடியில் நசுங்கிய காரின் கதவை வெட்டி ஓட்டுநரை எடுப்பது, ஏரியில் மூழ்கியவரைத் தேடுவது. இத்தனைக்கும் நாம் ஒரு ரூபாய் தருவதில்லை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இடுப்பளவு தண்ணீரில் முதியவர்களைத் தோளில் சுமந்து வந்தவர்களில் இந்த வீரர்களும் உண்டு.

இத்தகைய தொண்டுக்குப் பாராட்டு மட்டும் போதாது என்று ஏன் சொல்கிறோம்? தீத்தொண்டு வாரத்தின் பிறப்பிலேயே அதற்கு விடை இருக்கிறது. 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் அதே கப்பலில் இருந்தன. வீரர்கள் 900 டன் தண்ணீருக்கு மேல் பாய்ச்சியும் தீ அடங்கவில்லை. மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். எரியும் பொருளையும் வெடிக்கும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது அவர்கள் இல்லை. வேறு யாரோ செய்த அடுக்குமுறைக்கு அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். எண்பது ஆண்டுகளாக அவர்களுக்கு மலர்வளையம் வைக்கிறோம். பூட்டிய ஷட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இன்றும் வீரர்களை உள்ளே அனுப்புகிறோம்.

இது தொலைதூரத்துக் கதை இல்லை. 2017 ஜூலையில் பக்கத்துக் கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் பற்றிய தீயை அணைக்கப்போன இடத்தில் சிலிண்டர் வெடித்து ஒரு வீரர் மாண்டார். வேடிக்கை பார்க்கத் திரண்டவர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2020 தீபாவளி நேரத்தில் மதுரையில் எரிந்த ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் உயிரிழந்தார்கள். ஒரு சிறு பேக்கரியும் ஒரு ஜவுளிக்கடையுமே இப்படி உயிர் வாங்கும் என்றால், பெயின்டும் பிளாஸ்டிக்கும் ரசாயன டிரம்மும் ஒரே கூரையின் கீழ் அடுக்கிய ஒரு குடோன் என்ன செய்யும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் இருக்கிறது. அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் பெரிய ஆலைகளுக்கு 1989 முதல் மத்திய அரசின் விதிகள் உள்ளன. விபத்து நடந்தால் என்ன ஆபத்து, எப்படித் தப்புவது என்பதைச் சுற்றியுள்ள மக்களுக்கு ஆலை நிர்வாகமே சொல்லியாக வேண்டும் என்கின்றன அந்த விதிகள். மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் வேண்டும் என்கின்றன 1996 விதிகள். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஊர்க்காரர் காதுக்கு அது வந்து சேரவில்லை. சோழவரத்துச் சந்தையில் நிற்கும் பத்துப் பேரிடம், “அமோனியா வாடை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது மீனவக் குடும்பங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் ஓடின. அந்த இரவின் பாடத்தை மறக்கலாகாது.

அடிப்படையான ஒரு குறை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 12ஆம் அட்டவணை நகராட்சிகளுக்குரிய பணிகளில் ஒன்றாகத் தீயணைப்பைக் குறிப்பிடுகிறது. ஊராட்சிகளுக்கான 11ஆம் அட்டவணையின் 29 பணிகளில் தீயணைப்பு இல்லை. கிராமம் என்றால் வைக்கோல்போரும் கூரை வீடும்தான் எரியும் என்று எண்ணிய காலத்துப் பட்டியல் அது. தீயணைப்பு வண்டி வந்து சேர வேண்டிய நேரத்துக்கும் இதே கதிதான். நகரத்தில் 5 முதல் 7 நிமிடம், ஊர்ப்புறத்தில் 20 நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. காகிதத்தில் கிராமமாக இருப்பதால் சோழவரத்துக்கு இருபது நிமிடம் என்று எவரேனும் கணக்கிட்டால், அந்த இருபது நிமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் குடோன் முழுதாக எரிந்துவிடும். எனவே நிலையம், வண்டி, நுரைக்கலவை, ஆள்பலம் எல்லாவற்றையும் மக்கள்தொகையைப் பார்த்து ஒதுக்காமல் ஆபத்தின் அளவைப் பார்த்து ஒதுக்க வேண்டும். பணமே இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலங்களின் தீயணைப்புப் பணியை விரிவாக்கி நவீனமாக்க 15ஆவது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி 5,000 கோடி ரூபாய்த் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. எந்த ஊருக்கு என்ன தேவை என்று கேட்டுப் பெறுவதற்குக் கையில் கணக்கு வேண்டும்.

அதற்காகத்தான் கிராம சபையில் கணக்கு என்கிறோம். நிலையப் பதிவேட்டில் அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம் எல்லாம் ஏற்கெனவே எழுதப்படுகின்றன. புதிதாக எதையும் தயாரிக்க வேண்டாம்; அவற்றைக் கூட்டி ஒரு பக்கத்தில் வாசித்தால் போதும். காலிப் பணியிடம் எத்தனை, சுவாசக் கருவிகள் எத்தனை, எந்தத் தெருவில் வண்டி நுழைய முடியவில்லை, எந்தக் குடோனுக்கு உரிமம் இல்லை என்பதையும் நிலைய அலுவலர் சேர்த்துச் சொல்லட்டும். ஊராட்சி பதில் சொல்லட்டும். தீயணைப்பு அதன் பட்டியலில் இல்லாவிட்டாலும் தெரு, குளம், மேல்நிலைத் தொட்டி, தொழில் உரிமம் எல்லாம் அதன் கையில்தான் இருக்கின்றன. ஒரு தண்ணீர் வண்டியின் கொள்ளளவு சில ஆயிரம் லிட்டர். முழு வீச்சில் பாய்ச்சினால் நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஏரியிலோ குளத்திலோ வண்டி இறங்கி நின்று நீர் எடுக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்து, அங்கே போகும் பாதையை ஆக்கிரமிப்பு இல்லாமல் வைத்திருப்பது ஊராட்சியால் முடிகிற காரியம்.

குடோனுக்குள் என்ன இருக்கிறது என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றால் தொழில் நடத்துவோர் தயங்கலாம். சரக்கு விவரம் வெளியே போனால் போட்டியாளருக்கு வசதி, ஊரில் வீண் பீதி என்பார்கள். விலையையும் அளவையும் யாரும் கேட்கவில்லை. உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கா, பெயின்டா, அமிலமா, துணியா என்று வாசலில் ஒரு பலகை. சாவி வைத்திருப்பவரின் தொலைபேசி எண் நிலையத்தில். இவ்வளவு போதும். பீதி தெரியாமையில்தான் பிறக்கிறது. வேலை கொடுக்கும் ஆலைகளை இந்த ஊர் வாழ்த்துகிறது. அந்த வேலைக்கு வரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் மாலையில் உயிரோடு அறைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் இந்த ஊரின் அக்கறையே.

குறைகளை ஊர் நடுவே வாசித்தால் துறைக்குத் தலைகுனிவு என்று சிலர் சொல்லலாம். உண்மை நேர்மாறானது. ஆள் குறைவு, வண்டி பழசு, வழி அடைப்பு இவற்றோடுதான் இத்தனை உயிர்களைக் காத்தார்கள் என்று தெரிய வரும்போது அவர்கள்மேல் மரியாதை கூடும். அவர்களுக்காக ஊரே அரசிடம் கேட்கும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த பிறகுதான் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரைகள் அகன்றன. அந்தக் கூரையைத் தினமும் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அதைப் பற்றிக் கேட்க ஒரு சபையும் ஒரு நாளும் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

நமக்கும் கடமை உண்டு. மணி ஒலிக்க வரும் வண்டிக்கு ஜிஎன்டி சாலையில் வழி விடுவோம். இணைப்புச் சாலையை லாரி நிறுத்துமிடமாக்க வேண்டாம். 101க்கோ 112க்கோ பேசும்போது ஊர், தெரு, அடையாளம், எரிவது என்ன என்று நிதானமாகச் சொல்வோம். செல்போனில் படம் பிடிக்க நெருங்காமல் தள்ளி நிற்போம்.

அரசாணை ஒன்று போதும், வரும் மே 1 முதலே இதைத் தொடங்க. சோழவரத்தில், அலமாதியில், காரனோடையில் கிராம சபைக்குப் போகிறவர்கள் அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். குடிநீர், சாலை, நூறு நாள் வேலை என்று வழக்கமாகப் பேசும் பொருள்களோடு ஒரு கேள்வியைச் சேருங்கள்: “போன வருஷம் எங்கள் ஊருக்குத் தீயணைப்பு வண்டி எத்தனை தடவை வந்தது, எத்தனை நிமிஷத்தில் வந்தது?” பதில் பதிவேட்டில் இருக்கிறது. வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.