ஸி மொழியின் தோளேறி வந்த பாஷை

புதிதாக ஒரு கணினி பாஷையை நிர்மாணிக்கப் புகுபவர், அதனை நேரே யந்திரக் கட்டளைகளாக்கும் கம்பைலரை எழுதுவதா, அல்லது ஏற்கெனவே வழக்கில் வேரூன்றிய வேறொரு பாஷையாகப் பெயர்த்துத் தரும் டிரான்ஸ்பைலரோடு திருப்தியடைவதா என்று தயங்கும்போது, பின்னதை மட்டச் சரக்கென்று எள்ளுவோர், ஸி பிளஸ் பிளஸ்ஸின் பூர்வோத்தரத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நலம்.

பெல் ஆய்வுக்கூடத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் உருவாக்கி, 1985-இல் வெளிவந்த ஸீஃப்ரண்ட், அந்தப் பாஷையின் நிரலை வாங்கி, இலக்கணப் பிழைகளைத் தானே சோதித்து, ஸி நிரலாகவே வெளியிட்டது. அதை அந்தந்த யந்திரத்தில் முன்பே இருந்த ஸி கம்பைலர் ஏற்றுக்கொண்டமையால், யந்திரத்துக்கு யந்திரம் புதிதாகப் பாடுபடும் பிரயாசை மிச்சமாயிற்று. (அது கம்பைலரே அல்ல என்றால் ஸ்ட்ரூஸ்ட்ரப் ஒப்பமாட்டார், அவர் பக்கமே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.)

ஸி பிளஸ் பிளஸ் அனுமதிப்பதுபோல் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருப்பதை ஸி பொறுக்காது; ஆகவே ஒவ்வொன்றும் வாங்கும் உருப்படிகளின் வகையை எழுத்துக் குறியாக்கி, அதன் பெயருக்கு ஒரு வாலாக ஸீஃப்ரண்ட் ஒட்டிவிடும். நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் பிழை சொல்லும்போது அந்த வால் முளைத்த பெயர் திரையில் வந்து நிற்க, எழுதியவரே அதை அடையாளம் காணாமல் விழிப்பார்.

உலாவிக்கென எழுதப்படும் டைப்ஸ்கிரிப்டுக்கோ கம்பைலரா டிரான்ஸ்பைலரா என்னும் தர்க்கமே அநாவசியம். உலாவி அறிந்தது ஜாவாஸ்கிரிப்ட் ஆகையால் அதற்குப் பெயர்த்தாக வேண்டும். ஆனால் இப்படிப் பெயர்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு: ஓட்டத்தில் நேரும் பிழைகளைக் கையாளும் எக்ஸெப்ஷன் என்னும் வசதியை ஸி-யின் வரம்புக்குள் அடக்க முயன்ற ஸீஃப்ரண்டின் நான்காம் பதிப்பு, 1993-இல் பாதியிலேயே கைவிடப்பட்டது.