கூரை நிறைய சோலார், வீட்டுக்குள் இருட்டு

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் இதை முழுதாகப் படிக்கவும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்காக மாடியில் சோலார் போடுகிறார்கள். "இனி அம்மாவுக்குக் கரண்ட் கவலையே இல்லை சார்" என்று எனக்கும் படம் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஐந்து கிலோவாட், ஆன்கிரிட். நான் கேட்பது ஒரே கேள்வி: "கரண்ட் போனால் அது ஓடுமா?" பதில் வருவதில்லை.

ஓடாது. பேட்டரி இல்லாத ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். பழுதினால் அல்ல, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. நிற்காவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரை எடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உச்சி வெயிலில் பத்துப் பலகை காய்ந்துகொண்டிருக்க, கீழே அம்மா விசிறி மட்டையால் வீசிக்கொண்டிருப்பார்.

ஆன்கிரிட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரண்ட் பில் குறையும், மூன்று கிலோவாட் அல்லது அதற்கு மேல் போட்டால் மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் பில்லைக் குறைப்பது வேறு, இருட்டில் விளக்கு எரிவது வேறு. முதலாவதை விற்றுவிட்டு இரண்டாவதும் கிடைக்கும் என்று தலையாட்டும் வியாபாரியிடம்தான் எனக்குக் கோபம். பொறியியல் படித்துவிட்டு அதைக் கேட்டுக்கொள்ளும் என் மாணவர்களிடம் அதைவிடக் கோபம்.

டெல்டாக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16, கஜா புயல். லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருந்த இடத்தில் வரிசையில் நின்றோம். அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் வெளிநாட்டில் தவித்தவர்கள் எத்தனை பேர்! அன்று அந்த வீடுகளுக்குத் தேவைப்பட்டது ஐந்து கிலோவாட் அல்ல. ஒரு விளக்கு, ஒரு விசிறி, சார்ஜ் உள்ள ஒரு போன்.

இதில் ஒரு வேடிக்கை. கனடாவில் இருக்கும் என் அக்கா மகனிடம் ஒரு மோட்டார் ஹோம் இருக்கிறது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி. அதில் இரண்டு வகை பேட்டரி. இன்ஜினைக் கிளப்ப ஒன்று, உள்ளே விளக்குக்கும் விசிறிக்கும் வேறு ஒன்று. காட்டில் நான்கு நாள் தங்கினாலும் எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கணக்கு வைக்கிறான். அதே பிள்ளை மன்னார்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மட்டும் கணக்கே போடாமல் "பெருசா போட்டுடலாம் மாமா" என்கிறான். ஏனப்பா, வண்டிக்கு உள்ள மரியாதை வீட்டுக்கு இல்லையா?

கணக்கை நானே போடுகிறேன். முப்பது வாட் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 600 வாட்-மணி. ஒன்பது வாட் எல்இடி பல்பு நான்கு, ஐந்து மணி நேரம்: 180. வைஃபை பெட்டி: 100. இரண்டு போன்: 30. ஆக 910. அதாவது ஒரு யூனிட்கூட இல்லை!

மோட்டார் ஹோமில் இப்போது வைக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1,280. எண்பது சதவீதம் பயன்படுத்தி, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் சுமார் 920 கையில் நிற்கும். ஓர் இரவு கடந்துவிடும். பழைய 75 வாட் விசிறியையே ஓட்டினால் விசிறிக்கு மட்டும் 1,500 வேண்டும். பாதி இரவிலேயே பேட்டரி தீர்ந்துவிடும். ஆகவே பெரிய பேட்டரிக்கு முன்னால் விசிறியை மாற்றுங்கள்.

330 வாட் பலகை ஒன்று நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 1,000 வாட்-மணி தரும். புயல் மூட்டத்தில் அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. அதனால் இரண்டு பலகை. புயல் எச்சரிக்கை வந்தால் பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்பேனரோடு வந்து கழற்றி உள்ளே வைத்துவிடலாம். பத்துப் பலகையை யார் கழற்றுவது?

இனி கண்டிப்பாகச் சில வார்த்தைகள்.

"பழைய லாரி பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது" என்று யாரும் வராதீர்கள். அது இன்ஜினைக் கிளப்பச் சில நொடி பெரிய கரண்ட் கொடுக்கப் பிறந்தது. உள்ளே தகடுகள் மெல்லியவை. தினமும் ஆழமாக இறக்கினால் சில மாதத்தில் செத்துவிடும். லித்தியத்துக்குப் பணம் இல்லையென்றால் டியூபுலர் பேட்டரி வாங்குங்கள். அதைப் பாதிக்கு மேல் இறக்காதீர்கள்.

"வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டு வருகிறேன்" என்றும் சொல்லாதீர்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் பெட்டியில் விமானத்தில் ஏற்ற முடியாது. இங்கேயே கிடைக்கிறது.

சார்ஜ் கண்ட்ரோலர் எம்பிபிடி வகையாக இருக்கட்டும். மலிவான பிடபிள்யூஎம் வகையைப் போட்டால் 330 வாட் பலகை 12 வோல்ட் பேட்டரிக்கு மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கும். இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ். 12 வோல்ட்டில் ஆயிரம் வாட் இழுத்தால் தொண்ணூறு ஆம்பியர் ஓடும். மெல்லிய ஒயர் தீப்பிடிக்கும். மோட்டாரையும் ஏசியையும் இதில் மாட்டவே கூடாது.

"வசதி இருக்கிறது, பெரிதாகப் போட்டால் என்ன சார்?" என்பவர்களுக்கு: தாராளமாக. பேட்டரியோடு ஹைப்ரிட் போடுங்கள். ஆனால் அதை ஓட்டப்போவது எழுபது வயது அம்மா. எந்த சுவிட்ச் எதற்கு என்று அவருக்குத் தெரியாவிட்டால் எத்தனை கிலோவாட் இருந்தும் பயனில்லை.

வீட்டுப்பாடம்: இந்த ஞாயிறு அம்மாவுக்குப் போன் செய்து, கரண்ட் போனால் எது எது கட்டாயம் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். வாட், மணி, பெருக்கல் தொகை எழுதி இங்கே கீழே போடுங்கள். நானே திருத்தித் தருகிறேன். விலைப்பட்டியல் அனுப்புகிறவர்களுக்கு மார்க் கிடையாது.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்