இட்டேரியில் சைக்கிள்: யாருடைய அமைதி?

‘கொங்கு நாட்டின் அமைதியான கிராமத்துச் சாலைகள்’ என்றொரு பேச்சு நகரத்து சைக்கிள் பிரியர்களிடையே சில காலமாக உலவி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் காருக்குப் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். திருச்சி மெயின்ரோட்டை விட்டு விலகி, வெள்ளகோவிலுக்குத் தெற்கே மூலனூர் பக்கமோ வடக்கே முத்தூர் பக்கமோ இறங்கி விடுகிறார்கள். பெரிய மேடு இல்லை. லாரித் தொந்தரவு இல்லை. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள் கொறங்காடு, வெள்வேல மரத்தடியில் காங்கேயம் மாடு, தூரத்தில் காற்றாலை. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. அதை மறுப்பதல்ல என் நோக்கம். எங்க மண்ணு அது. அதன் அழகை யாரும் வந்து சொல்லித்தான் தெரியவேண்டும் என்கிற நிலையில் நாம் இல்லை. ஆனால் அழகோடு சேர்த்து ‘அமைதி’ என்றொரு சொல்லையும் சொல்கிறார்களே, அந்தச் சொல்லிடம்தான் எனக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வேலி. கொறங்காட்டுக்கு மேய்ப்பாள் தேவையில்லை. நாலு பக்கமும் கிளுவை அடைத்திருக்க, காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் பொழுது சாயும்வரை கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலங்காயையும் தின்று தானாக மேயும். மழை குறைந்த பூமிக்கு ஏற்ற ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலிக்குப் போத்து நட்டவன், ஓட்டை விழுந்த இடத்தில் முள் வெட்டி அடைத்தவன், பட்டியில் சாணி வழித்தவள் பேரில் பெரும்பாலும் அந்த வேலிக்குள் ஒரு செண்டு கிடையாது. சைக்கிளில் போகிறவர் பார்ப்பது பசுமை. பண்ணையத்தில் இருந்த அருந்ததியர் குடும்பம் பார்ப்பது வேறொருவர் பட்டா.

இரண்டு வேலிக்கு நடுவில் போகும் வண்டித்தடத்துக்குத்தான் நம்ம பக்கம் இட்டேரி என்று பேர். கொஞ்சம் தாராகியிருக்கிறது, கொஞ்சம் வேலியோடு சேர்த்து விழுங்கப்பட்டிருக்கிறது, மிச்சம் மண்ணாகவே கிடக்கிறது. இந்த இட்டேரிகளுக்கு எழுதப்படாத ஒரு வரலாறு உண்டு. கவலை ஏற்றத்துக்குத் தோல் பறி தைத்தவர்களும் ஊருக்கே செருப்பு தைத்துக் கொடுத்தவர்களும், ஊர் வீதிக்குள் நுழையும்போது தங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார்கள். சைக்கிள் வந்தது. செருப்புக்கு இருந்த சட்டமே சைக்கிளுக்கும் வந்தது. ஊர் எல்லையில் எறங்கு, வீதி முடியறவரைக்கும் தள்ளு, அந்தப் பக்கம் போய் ஏறிக்கோ. பின்னால் காய்ச்சல்கார பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் எறங்கு. தள்ளிக்கொண்டு போகும் அந்த நூறு கஜத்தில் திண்ணையிலிருந்து வரும் பார்வையைத் தாங்க முடியாதவர்கள், ஊரைச் சுற்றி இட்டேரியில் போனார்கள். என் அப்பா அப்படிப் போனவர்தான். டயரில் வேலமுள் ஏறினாலும் பரவாயில்லை என்று போனவர்.

ஆக, இன்றைக்கு ‘நெரிசலற்ற மாற்றுப் பாதை’ என்று கொண்டாடப்படுவது நேற்றைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுங்கிப் போன பாதை. நகரத்துக்காரர் மெயின்ரோட்டு இரைச்சல் பிடிக்காமல் அதைத் தேர்ந்தெடுக்கிறார். எங்கள் ஆட்களுக்கு அந்தத் தேர்வு இருந்ததில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கிராமத்து அமைதியைப் பாடுகிற எந்தக் கவிதையையும் என்னால் நம்ப முடியவில்லை, நம்மாட்கள் எழுதியதானாலும் சரி.

பாதைக்கான சண்டை நமக்குப் புதிதல்ல. 1924 வைக்கம் போராட்டமே கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கத்தான். அதே 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கத் தாழ்த்தப்பட்டோருக்குத் தடையில்லை என்கிற தீர்மானத்தை நிறைவேற வைத்தார். 1929இல் சாளிஸ்காவில் அம்பேத்கரை ஏற்றி ஓட்ட எந்த டோங்காக்காரரும் சம்மதிக்கவில்லை. விசாரணைக் குழுவின் உறுப்பினராக வந்த பாரிஸ்டர் அவர். ஓட்டிப் பழக்கமில்லாத சேரிக்காரர் ஒருவர் வண்டியைப் பிடிக்க, பாலத்தருகே அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. அதுவும் ஓர் அமைதியான நாட்டுப்புறச் சாலைதான்.

‘அதெல்லாம் அந்தக் காலமுங்க, இப்ப யாரு தடுக்கறா, எல்லார்கிட்டயும் பைக் இருக்குது’ என்பார்கள். அப்படியானால் ஒரு கேள்வி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்போ புதுத்துணியோ போடுவதையும் தடுப்பது அதில் தனிக்குற்றம். 15ஆம் பிரிவில் சாலைகளைப் பெயர் சொல்லியே பாதுகாத்த அரசியல் சட்டம் வந்து அறுபத்தாறு வருசம் கழித்து, பாராளுமன்றம் உட்கார்ந்து ‘சைக்கிள்’ என்று தனியாக எழுத வேண்டி வந்தது ஏன்? எழுதியும் என்ன ஆனது? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். சிவகங்கை வேறு, கொங்கு வேறு என்று நம்ம ஊர்க்காரர் யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

இங்கே முறை வேறு, அவ்வளவுதான். நானும் லீவு நாளில் சைக்கிள் எடுக்கிறவன். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டவனுக்குச் சாதி தெரிவதில்லை. ‘வாங்க வாங்க, உக்காருங்க’ என்று மோர் வருகிறது. அப்புறம் ‘எந்த ஊருங்க?’ சொன்னேன். ‘அங்க எந்தப் பக்கமுங்க?’ அதையும் சொன்னேன். சொம்பு உள்ளே போய்விட்டது, இரண்டாம் தடவை மோர் காகித டம்ளரில் வந்தது. யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. ரொம்ப அமைதியாக நடந்தது.

சைக்கிளை நாம் விட்டுக்கொடுக்க முடியாததற்கு இன்னொரு காரணம் பெண்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், கல்லுடைக்கிறவர்கள், கூலிக்காரிகள், சைக்கிளில் ஏறினார்கள். கேலிப் பேச்சு வந்தது, அவர்கள் இறங்கவில்லை. தமிழக அரசின் இலவச சைக்கிளும் 2001-02இல் பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்றுதான் ஆரம்பித்தது, அப்புறம்தான் மற்றவர்களுக்கும் வந்தது. அந்த சைக்கிளில் இரண்டு வருசம் பள்ளிக்கூடம் போன பெண்கள் எத்தனை பேர் பன்னிரண்டு முடித்ததும் மில் வேனில் ஏற்றப்பட்டார்கள் என்பதை நம் வளவுகளில் வீடு வீடாகக் கேட்கலாம். சைக்கிள் அவள் போகுமிடத்தை அவள் கையில் கொடுத்தது. வேன் அதைப் பிடுங்கிக்கொண்டது. காலனிக் கூரையடியில் துருப்பிடித்து நிற்கிற அந்த சைக்கிள்களைப் பழுது பார்ப்பதைக்கூட நான் இயக்க வேலை என்றுதான் சொல்வேன்.

அதனால் மாணவத் தோழர்களிடம் ஒரு யோசனை. சைக்கிள் சங்கத்துக்காரர்கள் வரைபடம் போடுகிறார்கள்: எங்கே நிழல், எங்கே டீக்கடை, எங்கே குளம். நாமும் போடுவோம். எந்த ஊர் வீதியில் நம் பெரியவர்கள் இன்னமும் பழக்கத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள், தார் எந்த இடத்தில் நின்று காலனி மண்ரோடு தொடங்குகிறது, எந்தக் கடையில் யாருக்கு எந்த டம்ளர், பிணம் கொண்டுபோகும் தடத்தை எந்த வேலி அடைத்திருக்கிறது. கேள்விப்பட்டதை எழுதாதீர்கள், கண்ணால் பார்த்ததை, தேதி போட்டு, இடம் போட்டு எழுதுங்கள். பாதி ஆதாரத்தோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பதைவிடக் கேவலம் கிடையாது.

தனியாகப் போக வேண்டாம், பத்துப் பேராவது சேர்ந்து போங்கள். பெண்கள் முன்னால். ஊருக்குள் நுழையும்போது மணியடித்துக்கொண்டு வீதியின் நடுவிலேயே போங்கள், வீராப்பு வேண்டாம், வேகமும் வேண்டாம். எங்கும் இறங்காதீர்கள். வீதியை முடித்த பிறகு ஆசைப்பட்டால் இட்டேரியில் திரும்புங்கள், அப்போது அது நீங்கள் தேர்ந்தெடுத்தது.

சித்திரை வெயிலில் கிளம்பாதீர்கள். ஆடியில் போவதானால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அறையும். கொழுக்கு முன்னாடியே கிளம்பிக் காங்கேயம் பக்கம் எதிர்காற்றில் மிதித்துவிட்டால், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். பஞ்சர் சாமான் ஒரு செட்டு, தண்ணீர், ஒரு நோட்டு, பேனா ரெண்டு.