ஓட்டை மாறிப் போச்சு... 'டிவி' என்ன பண்ணும்?

உங்கள் வீட்டில், முதுகு பெருத்த பழைய 'டிவி' இருக்கிறதா? பரணில் கிடந்தாலும் சரி. அதன் மேல் அம்மா துணி மடித்து வைத்திருந்தாலும் சரி... இன்று, அதற்காக வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன்!

ஒரகடத்தில், எங்கள் தெருவில் ஒரு சிறுமி; ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளது அப்பா, பக்கத்து தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நைட் ஷிப்டு முடிந்து, காலையில் கம்பெனி பஸ்சில் வந்து இறங்குவார். தீபாவளி போனசில், விரல் நீளத்தில், 'ஸ்டிக்' ஒன்று வாங்கி வந்தார். 'டிவி'யில் சொருகினால், இன்டர்நெட்டில் வரும் படம், பாடம் எல்லாம் பார்க்கலாம்.

வீட்டில் இருந்ததோ, அரசு கொடுத்த, 14 அங்குல கலர் 'டிவி!'

'அங்கிள்... இதை எங்க சொருகுறது? எங்க டிவில அந்த ஓட்டையே இல்லியே...' என்று ஓடி வந்தாள், சிறுமி.

பின்னாலேயே வந்த அப்பா, 'பழசை காயலான் கடையில போட்டுட்டு, தவணையில புதுசு எடுத்துடலாமா சார்?' என்றார்.

'கொஞ்சம் பொறுங்க...' என்றேன்.

அந்த, 'டிவி'க்கு ஒரு கதை உண்டு. 2006, செப்., 15ல், தமிழக அரசு இலவச கலர், 'டிவி' கொடுக்கத் துவங்கியது. 2011க்குள், ஒன்றரை கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு போய் சேர்ந்தது. அதே, 2006ல் தான், ஸ்ரீபெரும்புதூரில், நோக்கியா போன் ஆலை உற்பத்தியைத் துவங்கியது. 2014ல், அந்த ஆலையே மூடப்பட்டு விட்டது. ஆனால், இலவச, 'டிவி' இன்னும் சில வீடுகளில் ஓடிக் கொண்டிருக்கிறது!

இன்னொரு வேடிக்கை... 'பயர் டிவி ஸ்டிக்' கருவியை, பாக்ஸ்கானின் துணை நிறுவனம் மூலம் சென்னையில் தயாரிக்கப் போவதாக, 2021ல் அறிவித்தது, அமேசான். எந்த கம்பெனி ஸ்டிக் ஆனாலும், இப்போது முனை ஒரே மாதிரி தான். அதன் பெயர், எச்.டி.எம்.ஐ., நம்ம ஊர் பக்கம் செய்கிற பொருளை, நம்ம ஊர், 'டிவி'யில் நேராக சொருக முடியவில்லை!

ஏன் முடியவில்லை?

பழைய, 'டிவி'யில், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என, வட்ட ஓட்டைகள் இருக்கும். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் சத்தம். மஞ்சள் ஒயரில், படம் மின்சார அலையாக, ஏறி இறங்கி வரும். ஒரு படத்துக்கு, 625 கோடுகள். நொடிக்கு, 25 படங்கள். எச்.டி.எம்.ஐ.,யில் வருவதோ வெறும் எண்கள். ஒன்றும், பூஜ்யமும் தான். ஒருவர் பேசுவது மற்றவருக்கு புரியாது.

அந்த கால மெட்ராசில், வெள்ளைக்கார வியாபாரிக்கும், நம்மவர்களுக்கும் நடுவே நின்று, இரண்டு மொழியும் பேசியவருக்கு, 'துபாஷி' என்று பெயர். அது போல, இங்கேயும் ஒரு துபாஷி தேவை. தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிய, 'கன்வெர்ட்டர்' பெட்டி தான் அது. விலை, சில நுாறு ரூபாய்.

இதில், நான் ஏமாந்த கதையையும் சொல்லி விடுகிறேன். முதலில், ஒரு கடையில், ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.,யும், மறுமுனையில் மூன்று வண்ணமும் உள்ள ஒயர் கொடுத்தனர். சொருகினால், ஒன்றும் வரவில்லை. உள்ளே, 'சிப்' இல்லாத வெறும் ஒயர். வாய் பேசாத துபாஷி! அடுத்து வாங்கிய பெட்டி, பழைய கருவியை புது, 'டிவி'யில் இணைப்பது; அதாவது, தலைகீழ். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது, 'எச்.டி.எம்.ஐ., டூ ஏ.வி.,' என்று எழுதியது. மூன்றாவது முறை தான் சரியாக வாங்கினேன்.

அப்போதும், படம் கறுப்பு வெள்ளையில் உருண்டு ஓடியது. பெட்டியின் ஓரத்தில், 'பால், என்.டி.எஸ்.சி.,' என, ஒரு குட்டி சுவிட்ச். 'ஆவின் பாலா அங்கிள்?' என்றாள், சிறுமி. இது வேறு பால்... இந்தியாவில், 'டிவி'க்கு பயன்பட்ட முறையின் பெயர். சுவிட்சை அந்த பக்கம் தள்ளியதும், கலர் வந்து விட்டது! அந்த, 'டிவி'க்கு ஒரே ஸ்பீக்கர் என்பதால், சிவப்பு ஓட்டை கிடையாது. மஞ்சளும், வெள்ளையும் போதுமானதாக இருந்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அகலமான படத்தை சதுர திரையில் அமுக்குவதால், ஹீரோ முருங்கைக்காய் மாதிரி தெரிவார். பொடி எழுத்தை படிக்க முடியாது. சில படங்கள், காப்பி எடுப்பதை தடுக்கும் பூட்டால், வராமலும் போகலாம். வசதி உள்ளவர்கள் புதுசு வாங்கட்டும். வேண்டாம் என்று சொல்ல, நான் யார்?

ஆனால், ஓடுகிற, 'டிவி'யை, ஓட்டை பொருந்தவில்லை என்பதற்காக துாக்கி எறிவதை தான், என்னால் ஏற்க முடியவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்... 2003ல், சென்னையில், 'செட் - டாப் பாக்ஸ்' வந்தது; 2017ல், அரசு கேபிள் நிறுவனமும் பாக்ஸ் கொடுத்தது. அவற்றின் முதுகில், மூன்று வண்ண ஓட்டை இருந்தது. அதனால், யாருமே, 'டிவி'யை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2020ல், கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது, 'கல்வி தொலைக்காட்சி'யில் பாடம் வந்ததே... ஸ்மார்ட் போன் இல்லாத வீட்டு பிள்ளைகள் பலர், அப்படிப்பட்ட பழைய, 'டிவி' முன் உட்கார்ந்து தான் பாடம் படித்தனர். பாக்ஸ் செய்தவர்கள், அந்த ஓட்டையை விட்டு வைத்திருக்காவிட்டால்?

ஸ்டிக் சின்னது, அதில் மூன்று ஓட்டைக்கு இடமில்லை என்பர், கம்பெனிக்காரர்கள். நியாயம் தான். ஆனால், 'பழைய, 'டிவி'க்கு இந்த கன்வெர்ட்டர் வேண்டும்' என்று அட்டைப்பெட்டி மேல் தமிழில் ஒரு வரி போட, என்ன செலவாகி விடும்? நான், இரண்டு முறை ஏமாந்திருக்க மாட்டேன்.

காயலான் கடைக்கு போகும், 'டிவி' என்ன ஆகும் தெரியுமா? உள்ளே இருக்கும் செம்பு கம்பிக்காக உடைப்பர். எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுக்க, அதன் கண்ணாடிக் குழாயில் ஈயம் கலந்திருப்பர். உடைந்த துண்டுகளை, ஏரிக்கரையில் கொட்டினால், ஈயம் மண்ணுக்கு போகும், தண்ணீருக்கும் போகலாம். எங்கள் பக்கத்தில் இருப்பது, செம்பரம்பாக்கம் ஏரி. சென்னைக்கே குடிநீர் தருவது!

ஒன்று மட்டும், கண்டிப்பாக சொல்லி விடுகிறேன். ஒயர் சொருகும் முன், சுவிட்சை அணைத்து விடுங்கள். பழைய, 'டிவி'யின் பின்மூடியை மட்டும், யாரும் கழற்றவே கூடாது. உள்ளே, 10 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பிளக்கை பிடுங்கிய பிறகும், கொஞ்ச நேரம் மிச்சம் நிற்கும். அது, மெக்கானிக் வேலை.

எங்கள் தெரு சிறுமி வீட்டில், இப்போது ஒரே ஒரு தகராறு தான். ஸ்டிக்குக்கு ஒரு ரிமோட், 'டிவி'க்கு ஒரு ரிமோட். இரண்டில் ஒன்றை, அவளது தம்பி ஒளித்து வைத்து விடுகிறான்!